ஜன்னல் ஸ்கிரீன் வாங்கப் போகிறீர்களா? கடைக்குக் கடைசியாகப் போங்கள்

புது வீட்டுக்குக் குடிவந்த வாரமே ஸ்கிரீன் துணிக் கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். எதிர் வீட்டு மாடியிலிருந்து உள்ளே தெரிகிறது, வெயில் கண்ணைக் கூசுகிறது என்ற அவசரம். கடைக்காரர் "எத்தனை ஜன்னல், என்ன சைஸ்?" என்று கேட்டதும் "நாலுக்கு நாலு, ஆறு ஜன்னல்" என்று நினைவிலிருந்து சொல்கிறோம். மீதியெல்லாம் நிறம் பார்ப்பதில் போய்விடுகிறது. இரண்டு கோடை கழிந்ததும் மேற்கு ஜன்னல் துணி ஓரம் மட்டும் வெளுத்து நைந்திருக்கும். ஒரு பக்கத்து பிராக்கெட் சுவர்ப்பூச்சோடு கையில் வரும்.

ஸ்கிரீன் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதில் துணியின் விலைக்குச் சின்னப் பங்குதான். எந்தத் திசை வெயில் படுகிறது, ராட் எதில் மாட்டியிருக்கிறது, மடிப்புக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்ற மூன்றும்தான் பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கின்றன. மூன்றையும் வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு கடைக்குப் போனால் பணமும் மிச்சம், துணியும் நீடிக்கும். கீழே உள்ள வரிசை தமிழ்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதியது.

1. முதலில் வெயிலைப் பாருங்கள்

ஒரு தாளில் வீட்டின் ஒவ்வொரு ஜன்னலுக்கும் எண் போடுங்கள். காலை 8 மணி, மதியம் 12, மாலை 4 ஆகிய மூன்று வேளையும் எதில் நேரடி வெயில் விழுகிறது என்று குறியுங்கள். ஒரு நாள் வேலைதான்.

இதில் பலர் ஏமாறுவது வடக்கு ஜன்னலில். "வடக்கில் வெயிலே வராது" என்று மெல்லிய பருத்தித் துணியைப் போட்டுவிடுவார்கள். சென்னை நிற்கும் அட்சரேகையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் உச்சிக்கு வடக்கே நகர்ந்திருக்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் விழும். தெற்கு ஜன்னலுக்கு மார்கழி, தை மாதங்களில்தான் வெயில் உள்ளே நீளும். ஆகவே குளிர்காலத்தில் குடிவந்தவர்கள் தாங்கள் பார்த்த வெயிலை மட்டும் நம்பக்கூடாது. அக்கம்பக்கத்தில் மே மாதம் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்கு ஜன்னலுக்குத் தனி யோசனை வேண்டும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் துணி தடுத்தாலும் துணி சூடாகி, அந்தச் சூடு அறைக்குள்தான் இறங்கும். எவ்வளவு கனமான ஸ்கிரீன் போட்டாலும் மாலையில் அறை தகிப்பதற்குக் காரணம் இதுதான். வெளிப்பக்கத்தில் மூங்கில் தட்டியோ, கோடையில் நனைத்துவிடக்கூடிய வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிட்டால் வெயில் கண்ணாடிக்கே வராது. உள்ளே இருக்கும் துணியின் ஆயுளும் கூடும். மேற்கு ஜன்னலுக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் முதல் பாதியை வெளிப்பக்கத்துக்குச் செலவிடுங்கள் என்பது எங்கள் உறுதியான யோசனை. மூங்கில் தட்டி வாங்கினால் கட்டியிருக்கும் நூலைப் பாருங்கள். பருத்தி நூல் மழையில் இற்றுவிடும், நைலான் நூல் வெயிலில் பொடிந்துவிடும். தடித்த பாலியெஸ்டர் நூலால் கட்டியது நீடிக்கும்.

2. ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது?

பிளைண்டு வாங்குபவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இங்கேதான். நம் வீடுகளில் மரக்கதவு வெளியே திறக்கும், நடுவில் கம்பி, உள்பக்கம் கொசுவலைச் சட்டம். அந்தச் சட்டம் அறைக்குள்தான் திறக்கும். ஜன்னல் குழிக்குள்ளேயே ரோலர் பிளைண்டையோ (மேலே சுருளும்) ரோமன் பிளைண்டையோ (மேலே மடியும்) மாட்டிவிட்டால் வலைச் சட்டத்தைத் திறக்கவே முடியாது. வெளிக்கதவைச் சாத்தவேண்டும் என்றால் தினமும் பிளைண்டை முழுக்கச் சுருட்டியாக வேண்டும். மழை வரும்போதுதான் இந்தத் தொல்லை தெரியும்.

உள்ளே திறக்கும் வலை இருந்தால் ராட் மாட்டிய துணி ஸ்கிரீனுக்கே போங்கள். பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டால் போதும். பக்கவாட்டில் நகர்த்தும் யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னலாக இருந்து, வலையும் அதே சட்டத்தில் ஓடுகிறது என்றால் பிளைண்டு தாராளமாக வைக்கலாம்.

ஜன்னலுக்கு மேலே ஏ.சி. இருக்கிறதா என்றும் பாருங்கள். ராட் ஏ.சி.க்குக் கீழே வரவேண்டும். காற்று நேராகத் துணியில் மோதினால் குளிர்ச்சி அறைக்கு வராமல் ஜன்னலோடு நின்றுவிடும்.

3. வகையைத் தேர்ந்தெடுங்கள்

படுக்கையறைக்கும் ஹாலுக்கும் துணி. சமையலறைக்கு அலுமினியப் பட்டைகளால் ஆன வெனிஷியன் பிளைண்டு. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தெடுக்கலாம், நெருப்புப் பயமும் இல்லை. காஸ் அடுப்புக்கு அருகே துணியைத் தொங்கவிடவே வேண்டாம். பூஜை விளக்கு ஏற்றும் இடத்துக்குப் பக்கத்து ஜன்னலுக்கும் இதே விதி. காற்றில் ஒரு முறை துணி பறந்து விளக்கில் பட்டால் போதும். குளியலறை வென்டிலேட்டருக்குக் கண்ணாடியில் ஒட்டும் பனிப்படலத் தாள் மலிவு, நிறைவு.

கெட்டித் துணியும் மெல்லிய துணியும் பட்டை பட்டையாக மாறிவரும் ஜீப்ரா பிளைண்டு பார்க்க அழகுதான். தெருவைப் பார்த்த வீட்டுக்கு, குறிப்பாகப் பேருந்து ஓடும் சாலையென்றால், அதைச் சொல்லமாட்டோம். இரண்டடுக்குத் துணிக்கு நடுவில் சேரும் தூசியை வீட்டில் கழுவ முடியாது. மேல்பெட்டிக்குப் பின்னால் பல்லி தங்கும், குழாய் முனையில் குளவி மண்கூடு கட்டும். பல்லி எச்சத்தின் கறை வெளிர்நிறத் துணியிலிருந்து போகவே போகாது. பிளைண்டுதான் வேண்டும் என்றால் ஒற்றை அடுக்கு ரோலரை, ஈரத்துணியால் துடைக்கக்கூடிய துணியில் வாங்குங்கள்.

சிறுகுழந்தை உள்ள வீட்டில் பிளைண்டின் மணிச்சங்கிலி வளையம் ஆபத்து. கழுத்தில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே கேடு. சங்கிலியைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்கும் கொக்கி கண்டிப்பாக வேண்டும். இழுகயிறு வகை என்றால் தரையிலிருந்து 5 அடிக்கு மேல் சுற்றிக்கட்டும் கொக்கி வையுங்கள். தொட்டிலையும் கட்டிலையும் ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திவிடுங்கள்.

4. அளவெடுப்பது

துணி டேப் வேண்டாம், நீளும். தச்சர் வைத்திருக்கும் இரும்பு டேப்பால், அங்குலத்தில் எடுங்கள். வெள்ளையடித்து, தரைவேலை முடிந்த பிறகு எடுக்கவேண்டும். ஆறு ஜன்னலும் ஒரே அளவு என்று பில்டர் சொன்னாலும் ஒவ்வொன்றையும் தனியாக அளங்கள். அரை அங்குலம், ஓர் அங்குலம் வித்தியாசம் வராத வீடு அபூர்வம்.

ராட் ஜன்னலின் மேல்விளிம்புக்கு 4 முதல் 6 அங்குலம் மேலே, இருபுறமும் 6 முதல் 8 அங்குலம் தாண்டி வரவேண்டும். அப்போதுதான் ஓரத்தில் வெளிச்சம் கசியாது, ஒதுக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காது.

5 அடி அகலம், 4 அடி உயர ஜன்னலுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ராட் நீளம்: 60 + 8 + 8 = 76 அங்குலம். மடிப்பு மடிப்பாக விழ, ராட் நீளத்தைப்போல் இரண்டு மடங்கு துணி அகலம் தேவை: 152 அங்குலம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் துணி அகலம் 54 அங்குலம். இரு ஓரமும் மடித்துத் தைத்தபின் ஏறக்குறைய 51 நிற்கும். ஆக மூன்று பாகம். நடுப்பாகத்தை இரண்டாக வெட்டி, பக்கத்துக்கு ஒன்றரைப் பாகமாக ஒட்டுப்போட்டுத் தைக்கச் சொல்லுங்கள்.

உயரம்: ராடிலிருந்து ஜன்னல்வரை 5, ஜன்னல் 48, அதற்குக் கீழே 6. மொத்தம் 59 அங்குலம். இதோடு 12 அங்குலம் சேர்க்கவேண்டும். வளையம் வைக்க பக்ரத்தோடு (உள்ளே வைக்கும் விறைப்பான துணிப்பட்டை) மேல்மடிப்புக்கு 4½, ராடுக்கு மேலே எழும்பி நிற்கும் பகுதிக்கு 1½, கீழே மூன்று அங்குல இரட்டை மடிப்புக்கு 6. ஆக ஒரு பாகத்துக்கு 71 அங்குலம், மூன்றுக்கு 213. மீட்டரில் 5.41. கடையில் 5.5 மீட்டர் என்று கேளுங்கள்.

பூவோ கட்டமோ போட்ட துணி என்றால் இந்தக் கணக்கு போதாது. ஒரு டிசைன் எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று தானை (கடையில் சுருட்டி வைத்திருக்கும் முழுத் துணி) விரித்து அளந்து பாருங்கள். 25 அங்குலம் என்றால், அதன் முழு மடங்காக வரும்படி 71-ஐ 75 ஆக்கவேண்டும். மூன்று பாகத்துக்கு 225 அங்குலம், 5.75 மீட்டர். இதைச் செய்யாவிட்டால் ஒரு பாகத்தில் பூ மேலே, அடுத்ததில் கீழே நிற்கும்.

"ஐந்தடி ஜன்னலுக்கு ரெண்டு பாகம் போதும்" என்று கடையில் சொல்வார்கள். ரெடிமேட் வாங்கினாலும் அப்படித்தான் முடியும். 5, 7, 9 அடி உயரங்களில், 4 அடி அகலத்தில்தான் அவை பெரும்பாலும் வருகின்றன. இரண்டு பாகம் ராடை மூடும், ஆனால் பலகைபோல விறைத்து நிற்கும். சாத்தும்போது நடுவில் இடைவெளி விழும், கையால் இழுத்து இழுத்து ஓரம் கிழியும்.

தரைவரை தொங்கும் ஸ்கிரீன் தரைக்கு ஓர் அங்குலம் மேலேயே நிற்கட்டும். தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில் தரையைத் தொடும் துணி ஆறு மாதத்தில் கறுத்துவிடும்.

பிளைண்டை ஜன்னல் குழிக்குள் மாட்டுவதென்றால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, சிறியதை எழுதுங்கள். அதிலிருந்து நீங்களாக எதையும் கழிக்கக்கூடாது, செய்பவர் கழித்துக்கொள்வார். ஆர்டர் தாளில் "இது குழியின் அளவு" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் இருவரும் கழித்து, இருபுறமும் வெளிச்சக்கோடு விழும். அல்லது இருவரும் கழிக்காமல் பிளைண்டு உள்ளேயே நுழையாது.

5. துணியைச் சோதிப்பது

வெயிலில் பட்டு சீக்கிரம் இற்றுவிடும். பருத்தி நடுத்தரம்: நிறம் வெளுக்கும், சுருங்கும், ஆனால் தொட இதமாக இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் வருஷக்கணக்கில் தாங்குவது பாலியெஸ்டர். கிழக்கு, மேற்கு ஜன்னல்களுக்குப் பாலியெஸ்டர் அல்லது பாலியெஸ்டர் கலந்தது, நிழல்பட்ட ஜன்னல்களுக்குப் பருத்தி என்று பிரித்துக்கொள்ளலாம். கரூரின் தறித்துணிகளில் நல்ல கனமான பருத்தி கிடைக்கும். அதைத்தான் மேற்கிலும் போடவேண்டும் என்று ஆசையிருந்தால் பின்னால் தனி லைனிங் தைத்துவிடுங்கள். வெளுப்பது லைனிங்கோடு போகும்.

கடையில் செய்யவேண்டியவை: வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியில் அழுத்தித் தேயுங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இழைகளை இரு கட்டைவிரலால் விலக்கிப் பாருங்கள். இழை நகர்ந்து வழிவிட்டால் தையல் ஓரத்தில் பிளக்கும். பெயர்பெற்ற கம்பெனித் துணியென்றால் மாதிரிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒளி தாங்கும் எண் இருக்கும். 1 முதல் 8 வரையான அளவுகோல் அது. வெயில் ஜன்னலுக்கு 5-க்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். ஜன்னல் துணிக்கு 200 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போதும். அதற்கு மேல் போனால் வீட்டு மெஷினில் துவைப்பது கஷ்டம்.

"பிளாக்அவுட்" என்று விற்பதில் இரண்டு வகை. ஒன்று, பின்பக்கம் ரப்பர்போலப் பூச்சு போட்டது. முழு இருட்டு தரும், ஆனால் நம் வெக்கையிலும் புழுக்கத்திலும் பூச்சு நாளடைவில் பிசுபிசுத்து, மடித்த இடத்தில் விரிசல் விட்டு உதிரும். மற்றது, நடுவில் கறுப்பு நூல் வைத்து நெய்தது. கொஞ்சம் வெளிச்சம் விடும், ஆனால் துவைக்கலாம், நீடிக்கும். இரவுப்பணி பார்த்துவிட்டுப் பகலில் உறங்குபவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நெய்ததே மேல்.

பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்கும் முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். நூறு அங்குலத்துக்கு மூன்று முதல் ஐந்து அங்குலம்வரை சுருங்கக்கூடும். அந்த அளவு கூடுதலாகவும் வாங்குங்கள்.

எல்லாப் பாகத்துக்கும் ஒரே தானிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். வேறு தான் என்றால் சாயம் இம்மியளவு மாறும், கடை விளக்கில் தெரியாது, ஜன்னலில் தெரியும். ஆடித் தள்ளுபடியில் விலை நன்றாக இருக்கும், ஆனால் தானின் கடைசித் துண்டுகள் அதிகம். உங்கள் மொத்த மீட்டரும் அந்தத் தானில் இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொன்ன பிறகே சரியென்று சொல்லுங்கள்.

6. ராடும் பிராக்கெட்டும்

மேலே கணக்குப் போட்ட ஜன்னலில் 250 ஜிஎஸ்எம் துணியின் எடை இரண்டு கிலோகூட வராது. அதற்காக பிராக்கெட் பிடுங்கிக்கொண்டு வருவதில்லை. தினமும் இருமுறை வெடுக்கென்று இழுப்பதுதான் காரணம். சுவரில் பூச்சு மட்டும் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். ராடோடு தரும் ஓரங்குல ஸ்க்ரூ பூச்சைத் தாண்டிச் செங்கல்லில் பெயருக்குத்தான் நுழைகிறது. 2 அங்குல ஸ்க்ரூ, அதற்கேற்ற, துளைக்குள் செருகும் நைலான் ரால்பிளக் நீங்களே வாங்கிவையுங்கள். மரக்கட்டை அடித்து ஸ்க்ரூ போட அனுமதிக்காதீர்கள். மழைக்காலத்தில் ஊறி, கோடையில் சுருங்கிக் கழன்றுவிடும்.

ஜன்னலுக்கு நேர்மேலே இருப்பது சுவரைத் தாங்கும் கான்கிரீட் லின்டல். சாதாரண டிரில் அதில் ஏறாது, பொருத்த வருபவரிடம் ஹேமர் டிரில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் அரை அங்குலத்தோடு நிறுத்தி, ஸ்க்ரூவை வெட்டி முடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஏஏசி பிளாக் (எடை குறைந்த, நுண்துளை நிறைந்த கான்கிரீட் கல்) சுவரில் சாதாரண ரால்பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்கென்று உள்ள பிளக் தனி. சுவிட்ச்போர்டுக்கு நேர்மேலே துளை போடவேண்டாம், ஒயர்க்குழாய் அங்கேதான் ஏறும்.

ராட் விட்டம் 25 மில்லிமீட்டர் இருக்கட்டும். 6 அடிக்கு மேல் நீண்டால் நடுவில் ஒரு பிராக்கெட் அவசியம். வளையம் வைத்த துணி நடுப் பிராக்கெட்டைத் தாண்டி ஓடாது, ஆகவே துணியை இருபுறமும் சமமாகப் பிரித்துவிடுங்கள். ஒரே துணியாக ஒரு பக்கம் ஒதுக்கவேண்டுமானால் ராடுக்குப் பதிலாக அலுமினிய டிராக்.

கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் இரும்பு ராடில் பவுடர் கோட்டிங் என்றாலும் வாங்கவேண்டாம். உப்புக்காற்று முனையிலிருந்து அரிக்கத் தொடங்கும், துரு துணியில் இறங்கும். எவர்சில்வர் என்றால் 304 தரம் கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து மட்டும் நம்பாதீர்கள், மலிவான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அலுமினியத்துக்குப் போய்விடுங்கள்.

7. டெய்லரிடம் சொல்லவேண்டிய நான்கு

வளையங்கள் ஒவ்வொரு துணியிலும் இரட்டைப்படையில் இருக்கவேண்டும். ஒற்றைப்படையானால் ஒரு ஓரம் சுவர்ப்பக்கமும் மறு ஓரம் அறைப்பக்கமும் திரும்பி நிற்கும். வளையம் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் வகையாக இருக்கட்டும். இரும்பு வளையம் துவைக்கத் துவைக்கத் துருப்பிடிக்கும். நூல் பாலியெஸ்டர், பருத்தி நூல் துணிக்கு முன்னால் இற்றுவிடும். கீழ்மடிப்பு இரட்டையாக மூன்று அங்குலம். இங்கேதான் துணியை மிச்சம் பிடிப்பார்கள். முதலில் ஒரு பக்கத்துத் துணியை மட்டும் தைத்து வாங்கி, வீட்டில் மாட்டிப் பார்த்த பிறகு மற்றதைத் தைக்கச் சொல்லுங்கள்.

8. செலவும் தாள்களும்

துணி மீட்டர் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5.5 மீட்டருக்கு 2,200. தையல் பாகத்துக்கு 150 என்றால் 450. ராட் ஆறரை அடி, அடிக்கு 100 என்றால் 650. பிராக்கெட்டும் முனைக்குமிழும் 200. பொருத்தும் கூலி 200. மொத்தம் 3,700. இந்த விலைகள் கணக்குக்காக வைத்தவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். துணிக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு பாதிக்கும் கூடுதலாகச் செலவாகும் என்பதை மனத்தில் வைத்தே பட்ஜெட் போடவேண்டும்.

பிளைண்டுக்குச் சதுர அடிக் கணக்கு. ஒரு பிளைண்டுக்குக் குறைந்தபட்சம் எத்தனை சதுர அடி போடுவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். 3 சதுர அடி வென்டிலேட்டருக்கு 12 சதுர அடிக்குப் பில் வரலாம். 4 அடி 1 அங்குலத்தை நாலரை அடியாக ஏற்றிப் போடுவதும் உண்டு.

கொட்டேஷனில் துணியின் பெயர், எண், மீட்டர், தையல், வளையம், ராடின் உலோகம், பொருத்தும் கூலி, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று எல்லாம் தனித்தனியாக இருக்கவேண்டும். "ஜன்னலுக்கு இவ்வளவு" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். பிளைண்டு வாரண்டி பெரும்பாலும் இயந்திரப் பகுதிக்குத்தான். துணி வெளுத்தால் சேருமா என்று கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அளவுக்குச் செய்ததைத் திருப்பி எடுக்கமாட்டார்கள், அதனால் முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம்.

வாடகை வீடு என்றால் துளை போடுவதற்கு முன் உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பிலாவது சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிப்பது இதற்குத்தான் அதிகம். அடுக்குமாடியில் வெளித்தட்டி போடுவதற்குச் சங்கத்தின் எழுத்து அனுமதி தேவைப்படும், சில இடங்களில் நிறம்கூட அவர்கள் சொல்வதுதான்.

9. எப்போது கொடுப்பது?

தீபாவளிக்கு முந்தைய ஒன்றரை மாதம் எந்த டெய்லரிடமும் போகாதீர்கள். ஜாக்கெட், சுடிதாருக்கு நடுவில் உங்கள் ஸ்கிரீன் மூலையில் கிடக்கும், கடைசியில் அவசரத் தையல் விழும். ஆடியில் துணி எடுத்தால் ஆவணிக்குள் தைத்து முடித்துவிடுங்கள். பொங்கல் கழிந்த தை, மாசி மாதங்கள் இன்னும் நல்லது. வெள்ளையடிப்பு முடிந்திருக்கும், டெய்லருக்கும் வேலை குறைவு, ஊறவைத்த துணி ஒரே நாளில் காயும், கோடைக்கு முன்னால் ஸ்கிரீன் ஏறிவிடும்.

10. மாட்டிய பிறகு

மீதிப் பணம் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு ராடையும் நடுவில் பிடித்துக் கீழ்நோக்கி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பிராக்கெட் அசைந்தால் அப்போதே மாற்றச் சொல்லவேண்டும். மிச்சத் துணியையும் தானின் சீட்டில் உள்ள எண்ணையும் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒட்டுப்போட உதவும்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, குளிர்ந்த நீரில் துவையுங்கள். முறுக்கிப் பிழியாமல், ஈரம் சொட்டுவது நின்றதும் ராடிலேயே மாட்டிவிட்டால் சுருக்கம் விழாது, இஸ்திரியும் வேண்டாம். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இடப்பக்கத்தை வலப்பக்கத்துக்கும், வலப்பக்கத்தை இடப்பக்கத்துக்கும் மாற்றுங்கள். வெயில் எப்போதும் ஒரே ஓரத்தில் விழாமல் நாலு ஓரத்துக்கும் பங்காகும்.